மஞ்சள் மெஷினும் புளித்தண்ணீரும்

என் வீட்டுக்காரர் பெயர் தேசப்பன். வாயால் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்; எழுதுவதில் கூச்சம் இல்லை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மரம் அறுக்கும் மெஷின்கள் தொங்கும், கிடக்கும், பிரித்துப் பரப்பியிருக்கும். எல்லாம் கிழடுகள். புது மெஷினை யாராவது ரிப்பேருக்குத் தூக்கிவந்தால், "வாங்குன கடையிலயே குடு நைனா, அவன் பாத்துக்குவான்" என்று அனுப்பிவிடுவார். கம்பெனியே மூடிப்போய், பாகம் எங்கும் கிடைக்காது என்று நாலு பேர் கைவிட்ட மெஷின் வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

பிறந்தது சோழவரம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் ஊரான் கழனியில் வேலை செய்தவர்கள். இவர் பதினெட்டு வயதில் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு ஹெல்பராக வந்து ஃபிட்டர் ஆனார். ஒரு புயலுக்கு மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், சாய்ந்த மரத்தின்மேல் ஒருத்தர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாராம். காலடியில் செத்துப்போன மெஷின். இவர் சைக்கிளை நிறுத்தி, டிபன் டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக அதில் கழற்றிப் போட்டார். அன்றைக்குப் பட்டறைக்குப் போகவே இல்லை. மத்தியானம் அந்த மெஷின் உயிர் வந்து கத்திய சத்தத்தை இப்போதும் வாயால் செய்து காட்டுவார். அப்படிச் செய்யும்போது எங்கள் தெரு நாய் எழுந்து போய்விடும்.

பாகத்துக்கு அவர் தேடாத இடம் கிடையாது. பழைய ஸ்கூட்டரிலிருந்து தீப்பொறி தருகிற பாயிண்ட்டை எடுப்பார். ஆட்டோவின் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவார். அதிலும் கிடைக்காவிட்டால் கும்மிடிப்பூண்டி. அங்கே இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து கண்டெய்னர் கண்டெய்னராகக் காயலாங்கடைச் சரக்கு வரும். எந்த நாட்டுக்காரன் தூக்கிப் போட்டானோ, எல்லாம் கலந்து வரும். அந்த ஆலை ஒன்றில், இரும்பு அல்லாததைக் கையால் பொறுக்கிப் பிரிக்கிற வேலை பார்க்கிறவர் விக்டோரியா. மெஷின் பாகம் மாதிரி எதைக் கண்டாலும் படம் பிடித்து இவருக்கு அனுப்புவார்.

அந்த விக்டோரியாவை நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக இவர் போனில் அந்தப் பெயர் வரும், சாப்பிடும்போது கூட வரும். படத்தைப் பார்த்ததும் இவர் முகம் அப்படியே மலரும். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட என்னைப் பார்த்து அப்படி மலர்ந்ததாக ஞாபகம் இல்லை. அவர் குளிக்கப் போனதும் போனை எடுத்து ஒவ்வொரு படமாகப் பார்ப்பேன். துருப்பிடித்த பிஸ்டன். உடைந்த கைப்பிடி. பல் போன சக்கரம். ஒன்றில்கூட ஆள் இல்லை. ஆனாலும் பார்ப்பதை நான் விடவில்லை. அம்மன்தான் என்னை அப்படிப் பார்க்க வைத்தாள் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

போன வருஷம் மஞ்சள் மெஷின் வந்தது. பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மரம் வெட்டும் காண்டிராக்ட் எடுக்கிறவர் தணிகைவேல். அவருடைய மாமனார் அந்தமானில் ஒரு மரக்கம்பெனி ஏலத்தில் எடுத்த கனடா மெஷின். வயது ஐம்பதுக்கு மேல். நாலடி நீளத்துக்கு ‘பார்’ என்கிற இரும்புத் தகடு, அதைச் சுற்றிப் பல் செயின். ஓர் ஆள் தூக்கினால் இடுப்பு சொல்லும். இவர் மூன்று மாதம் அதனோடேயே இருந்து, ஆயுதபூசைக்கு இரண்டு நாள் முன்பு உயிர் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு வேலை பாக்கி. கயிறு இழுத்துக் கிளப்புகிற பக்கத்து மூடியான ஸ்டார்ட்டர் கவரை மட்டும் கழற்றி, தேய்த்துப் பாலிஷ் போட வெளியே வைத்திருந்தார்.

பூசைக்கு முந்தின ராத்திரி, பித்தளைக் குத்துவிளக்கு, சொம்பு, மணி எல்லாவற்றையும் அன்னக்கூடைப் பாத்திரத்தில் போட்டுப் புளியும் உப்பும் கரைத்து ஊற்றினேன். பக்கத்தில் அந்தக் கவர் அழுக்காகக் கிடந்தது. ஆயுதத்துக்குத்தானே பூசை, அதுவும் பளபளவென்று இருக்கட்டும் என்று அதையும் உள்ளே அமுக்கினேன். அமுக்கியதும் அது புஸ்ஸென்று நுரைத்தது. பொங்கிப் பொங்கி நுரைத்தது. அடேயப்பா, எவ்வளவு அழுக்கு வருகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

காலையில் விளக்கு தங்கமாக இருந்தது. கவர் மட்டும் கறுத்துப்போய், அம்மை வந்த முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. மனசு சங்கடப்பட்டது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் மாறவில்லை. சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, சாமந்திப்பூ போட்டு மறைத்து, மற்ற சாமான்களோடு வரிசையில் வைத்துவிட்டேன். பூசை அன்று ஆயுதத்தை யாரும் தொடமாட்டார்கள், மறுநாள் விஜயதசமிக்குத்தான் கையில் எடுப்பார்கள். அதனால் அவர் கண்ணில் அது படவில்லை.

அன்றைக்கு ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும். காலை ஏழு மணிக்கெல்லாம் தணிகைவேல் குட்டியானை வண்டியோடு வாசலில் வந்து நின்றார். லுங்கி முழங்கால்வரை சேறு.

"மேஸ்திரி, மெஷினு ரெடியா?"

"இன்னாப்பா, பல்லுகூட வெளக்கல நானு."

"எங்க ஊரு ஏரிக் கலங்கல்ல தூங்குமூஞ்சி மரம் அப்டியே வுழுந்துகினு கீது மேஸ்திரி. தண்ணி போற வழியே அடச்சிப் போச்சி. ஏரி ரொம்பி நிக்குது. சாய்ங்காலம் இன்னொரு மழை கீதுன்றான். கரை ஒடஞ்சா கீழ இருக்கிற காலனி மொத்தமும் போயிடும்."

"ஜேசிபி வெச்சி இழுக்கலாம்ல?"

"கரை ஊறிப்போய் கீது. ஜேசிபி ஏறுனா அதுவே கரைய ஒடச்சிடும். ரெண்டு புது மெஷினு வெச்சி அறுத்துப் பாத்தோம். மரம் நாலடி தடி, பாரு ஒண்ணரையடி. பாதில மாட்டிக்கிச்சி. இது ஒண்ணுதான் மேஸ்திரி கதி."

இவர் நேராகப் பூசை வரிசைக்குப் போய்க் கவரை எடுத்தார், பூவைத் தட்டினார், ஈரச் சந்தனத்தோடேயே மெஷினில் பூட்டினார். அம்மனைக் கும்பிட்டுக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தார்.

டக்.

கயிறு கையோடு வந்துவிட்டது. கவரைக் கழற்றிப் பார்த்தார். கயிறு சுற்றுகிற சக்கரம் ஒரு தண்டின்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தத் தண்டு அடியோடு முறிந்திருந்தது. விரலால் அழுத்தினார். கவரின் ஓரம் அப்பளம் மாதிரி உடைந்தது.

"இது எப்டி... நேத்து முந்தாநாள் கல்லு மாரி இருந்துச்சே" என்று தனக்குத்தானே சொன்னார். கவரின் வார்ப்பு கிழடாகிவிட்டது, தன் கண்தான் தவறவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தன் நெற்றியிலேயே அறைந்துகொண்டார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தாங்க. புளியில ஊறப் போட்டேன்."

திரும்பிப் பார்த்தார். "எந்தப் புளி?"

"வெளக்குக்குப் போட்ட புளிதான்."

"உப்பு?"

"ரெண்டு கை."

தணிகைவேல்தான் மெதுவாகக் கேட்டார்: "எக்கா, மெஷினுக்குக் கொழம்பு வெச்சிட்டியா?"

"அது பித்தள இல்ல ஜோதி, மெக்னீசியம்" என்றார் இவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "புளிப்பு பட்டா கரஞ்சி போவும்."

"கவரு இல்லாம ஓட்ட முடியாதா மேஸ்திரி?"

"கயித்த வேற மாரி சுத்திக் கெளப்பிடலாம்பா. ஆனா காத்து அடிக்கிற ஃபேனுக்கு மூடியும் இதான். இது இல்லாம அந்த மரத்த அறுத்தா அர மணில சூடேறிப் பிஸ்டன் புடிச்சிக்கும். அப்புறம் மெஷினும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

கீழ்க் காலனியில் எத்தனை வீடோ, எத்தனை பிள்ளைகளோ. "தாயே" என்று கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள் ஒரு படம் வந்து நின்றது. போன மாதம் விக்டோரியா அனுப்பிய படம். தார் பூசினது மாதிரி ஒரு சாமான், ஒரு மூலையில் மட்டும் மஞ்சள்.

"ஏங்க, இதே மாரி ஒண்ணு விக்டோரியா அனுப்பிச்சாங்களே. நீங்ககூட, நம்ம கவரு நல்லாத்தான் கீது, வேணாம்னு சொன்னீங்களே."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"மொதல்ல போன எடுங்க."

படம் இருந்தது. இவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அதே கவர்தான். உடனே விக்டோரியாவுக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், போட்டார்.

"ஐயோ அண்ணே, நீ வேணாம்னியேன்னு எடுத்து வெக்காம வுட்டுட்டேனே, வெள்ளக் குவியலுக்குப் போயிடுச்சே. இன்னிக்கி அத லாரில ஏத்துறாங்க. பத்து மணிக்குள்ள ரொம்பிடும்."

வெள்ளைக் குவியல் என்றால் அலுமினியம் மாதிரியான வெளுத்த உலோகமெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் குவியல். அது வேறு ஆலைக்குப் போய்விடும். மணி அப்போது ஏழேகால்.

மெஷினைக் குட்டியானையில் ஏற்றிக் கட்டினார்கள். "நானும் வரேன்" என்று முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இவர் நடுவில், முறிந்த கவரை மடியில் வைத்துக்கொண்டு. தணிகைவேல் வண்டியை ஓட்டவில்லை, பறக்கவிட்டார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் மெஷினும் முன்னால் நாங்களும் ஒன்றாகக் குதித்தோம். பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலைத் தாண்டும்போது, கவர் கிடைத்து மரம் அறுபட்டால் வேப்பிலை கோத்த வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு உன்னைச் சுற்றி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். உதடு அசைந்ததை இவர் பார்த்துவிட்டார்.

"இன்னா வேண்டிக்கின?"

"சொல்லக் கூடாது."

"எதுவா இருந்தாலும் நாலு ஸ்க்ரூவுக்கும் சேத்து வேண்டிக்கோ."

ஆலை கேட்டில் எங்களுக்காக விக்டோரியா நின்றிருந்தார். நாற்பது வயசு இருக்கும். என் தோளுயரம்தான். தலையில் துண்டைக் கட்டி அதன்மேல் ஹெல்மெட், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் கருகிப்போன கையுறை. மூன்று பேருக்கும் ஹெல்மெட் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதானே அண்ணி? அண்ணன் போன் பண்ணா பாதி நேரம் உங்க மீன் கொழம்பப் பத்தித்தான். பிஸ்டன் கேக்கறாரா கொழம்பு பேசறாரான்னு எனக்கே தெரியாது."

இரண்டு வருஷமாக நான் மனசில் வைத்திருந்தது அந்த இடத்திலேயே கீழே விழுந்து உடைந்தது.

வெள்ளைக் குவியல் ஒரு வீட்டளவு இருந்தது. இரும்பு நகம் வைத்த கிரேன் அதை அள்ளி அள்ளி லாரியில் போட்டுக்கொண்டிருந்தது. முக்கால் லாரி நிறைந்திருந்தது. இவர் தலையில் கை வைத்தார். தட்டு, மூடி, இஞ்சின் துண்டு, சட்டி, எல்லாமே எண்ணெயும் தாரும் பூசி ஒரே நிறம்.

"முழுசா இருக்காது அண்ணே. எடத்த அடைக்குதுன்னு சுத்தியால ஒடச்சித்தான் போடுவானுங்க" என்ற விக்டோரியா கிரேனைப் பார்த்துக் கையை வீசினார். "ஸ்டீபன் அண்ணே, நாஷ்டா துன்னியா?"

"இல்ல."

"போய்த் துன்னு வா. நல்லா மென்னு துன்னு."

ஸ்டீபன் எங்கள் முகங்களைப் பார்த்தார். "இருவது நிமிஷம். அதுக்கு மேல சூப்பர்வைசர் வந்துடுவாரு" என்று சொல்லி இறங்கிப் போனார்.

இருபது நிமிஷத்தில் ஒரு வீட்டைக் கிளற முடியுமா? இவர் ஒரு பக்கம், தணிகைவேல் ஒரு பக்கம் பாய்ந்தார்கள். விக்டோரியா பாயவில்லை. இடுப்பிலிருந்து ஒரு ஷாம்பு பாட்டிலை எடுத்தார். உள்ளே காவி நிறத்தில் ஏதோ தண்ணீர். ஒரு துண்டை எடுத்து ஆணியால் சுரண்டினார், சுரண்டின இடத்தில் ஒரு சொட்டு விட்டார். பார்த்தார். தூக்கிப் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"அது இன்னாம்மா தண்ணி?" என்றேன்.

"புளித்தண்ணி அண்ணி. அலுமினியமா இருந்தா சும்மா இருக்கும். மெக்னீசியம்னா நுரைக்கும். உலைல கலந்துட்டா நெருப்பு புடிக்கும், அதான் பிரிச்சி எடுக்கறது. நாலு நாளு ஜெபக்கூட்டத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன், அந்த நேரம் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டானுங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அந்தக் குவியலின்மேல் நின்று, தலையில் ஹெல்மெட்டோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தணிகைவேல்தான் கத்திச் சொன்னார்: "எக்கா ஊட்டுல இதே டெஸ்ட்ட ராத்திரி பூரா பண்ணிக்கீது. அதுக்குத்தான் நாங்க வந்துக்கீறோம்."

விக்டோரியாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "கர்த்தரே" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை என் கையில் கொடுத்தார். "அப்ப உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும் அண்ணி, எப்டி நுரைக்கும்னு. நான் சுரண்டறேன், நீங்க வுடுங்க."

இரண்டு ஆண்களும் பொறுக்கிப் பொறுக்கி வரிசையாகப் போட்டார்கள். விக்டோரியா சுரண்டிக்கொண்டே முன்னால் போனார். நான் சொட்டு விட்டுக்கொண்டே பின்னால் போனேன். நாற்று நடுகிற மாதிரி குனிந்தபடியே போனோம். சும்மா. சும்மா. சும்மா. பத்தாவதோ பதினைந்தாவதோ புஸ்ஸென்றது. நான் கூப்பிட, இவர் ஓடிவந்து பார்த்தார். ஏதோ காரின் கியர் மூடி. மறுபடி சும்மா, சும்மா. இன்னொன்று நுரைத்தது. அதுவும் வேறு எதுவோ. ஸ்டீபன் கையைத் துடைத்துக்கொண்டு தூரத்தில் வருவது தெரிந்தது.

வரிசையின் கடைசியில் வறட்டி மாதிரி ஒரு தார்க்கட்டி. இதுவா என்று விட்டுவிட்டுப் போக இருந்தார் விக்டோரியா. "இதையும் சுரண்டும்மா" என்றேன். சுரண்டினார். சொட்டு விட்டேன்.

அந்த நுரையை எனக்குத் தெரியும். அன்னக்கூடையில் ராத்திரி பொங்கிய அதே நுரை.

சத்தம் போடவில்லை நான். இவர் தோளைத் தொட்டுக் காட்டினேன். இவர் கத்தியால் தாரை வழித்தார். மஞ்சள் தெரிந்தது. திருப்பினார். நடுத்தண்டு முழுசாக, நேராக நின்றிருந்தது. வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்த உடைந்த கவரை எடுத்து அதன்மேல் பொருத்தினார். நாலு ஸ்க்ரூ காதில் மூன்று பொருந்தியது. நாலாவது காதை எவனோ சுத்தியால் அடித்திருந்தான்.

"மூணு போதும்" என்றார். இவர் கண் கலங்கியிருந்தது. தார் வாடை என்று சொன்னார்.

எடை போட்டுக் கேட் பாஸ் எழுதி வாங்குவதற்குள், குட்டியானையின் பின்பலகைமேலேயே பெட்ரோல் விட்டுக் கழுவி, சுருள் ஸ்ப்ரிங்கையும் சக்கரத்தையும் கயிற்றையும் புதுக் கவருக்கு மாற்றிவிட்டார். போன காதுக்குப் பதிலாக, சரக்கு கட்டி வந்த இரும்புப் பட்டை ஒன்றை விக்டோரியா தேடிக் கொடுத்தார். அதை இடுப்புவார் மாதிரி மெஷினைச் சுற்றி இறுக்கினார். கயிற்றை அங்கே இழுத்துப் பார்க்கவில்லை. பெட்ரோல் வாடையோடு ஆலைக்குள் மெஷினைக் கிளப்ப அனுமதி கிடையாது.

"ஏரிகிட்ட போய்ப் பாத்துக்கலாம்" என்றார். பார்க்காமலே போகிறோமே என்று வழியெல்லாம் எனக்குப் படபடப்பு.

ஏரிக்கரையில் ஊரே நின்றிருந்தது. வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. தூங்குமூஞ்சி மரம் கலங்கலின் வாயில் யானை படுத்தது மாதிரி படுத்திருந்தது. இலையும் குப்பையும் அதில் அடைத்துக்கொள்ள, தண்ணீர் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே தளும்பியது. கீழே காலனிக்காரர்கள் பாத்திரம் பண்டத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இவர் மெஷினைக் கீழே வைத்து, காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பு, ஒன்றுமில்லை. கூட்டத்தில் ஒருவர், "இது எங்க பாட்டன் காலத்து மெஷினாச்சே, இதுக்கே ரெண்டு பேரு தோள் குடுக்கணும் போல" என்றார். மூன்றாவது இழுப்பில் ஒரு இருமல். நான் அம்மனுக்கு வேப்பஞ்சேலையை மறுபடி ஞாபகப்படுத்தினேன். நாலாவது இழுப்பில் மெஷின் எழுந்தது. அப்படி ஒரு கத்தல். கரையிலிருந்த கொக்கெல்லாம் மொத்தமாகக் கிளம்பின. இரண்டு வருஷத்துக்கு முன்பு சைலன்சர் இல்லாத லாரி ஒன்று எங்கள் தெருவில் போனது, அது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தணிகைவேல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மரத்தின்மேல் ஏறினார். நாலடி பார் உள்ளே இறங்கியது. மரத்தூள் மழை மாதிரி பின்னால் பீய்ச்சி அடித்தது. எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள். இவர் மட்டும் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு முறை நிறுத்தச் சொல்லி, பட்டையைத் தொட்டு, ஆற வைத்து, மறுபடி கிளப்பினார். முதல் வெட்டு முடிந்தது. இரண்டாவது வெட்டு முக்கால் போகும்போதே மரம் முனகியது. தணிகைவேல் மெஷினோடு பின்னால் குதித்தார். நடுத்துண்டு புரண்டது, ஒரு நொடி யோசித்தது, தண்ணீரோடு கீழே போனது. அதன் பின்னால் ஏரித் தண்ணீர் கலங்கலில் இரைந்துகொண்டு இறங்கியது.

காலனிப் பெண் ஒருத்தி தலையிலிருந்த அண்டாவை இறக்கிக் கீழே வைத்தாள். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மீதிக் கிளையை அறுக்க மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் தூறல் விழுந்தது. இவர் போனை எடுத்து விக்டோரியாவுக்கு அடித்தார். பேசவில்லை. போனை மெஷின் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் கிட்டே கொண்டுவந்து ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அண்ணே, நீ பேசறது ஒண்ணுமே கேக்கல. ஒரே எரைச்சலா கீது" என்றார் விக்டோரியா.

"அதான்மா" என்றார் இவர். "அதத்தான் கேக்கச் சொன்னேன்."